கடிக்காத ஷூ

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, ஒரு செருப்புக் கடையில் பக்கத்து பெஞ்சிலிருந்து சுட்டது. எனக்கு வார்ச்செருப்பு வாங்கப் போயிருந்தேன். அருகில் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் யாத்திரைக்கு ஷூ பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாள்கணக்கில் நடக்க வேண்டிய யாத்திரை. கல்லும் மண்ணும் தாருமாய் வழி. அவர் ஜோடி ஜோடியாகக் கழித்துக்கட்டினார். இது குதிகாலைக் கடிக்கிறது, அது சுண்டுவிரலை நெரிக்கிறது. அந்த அம்மாவுக்கோ எதைப் போட்டாலும் சரி. "இதுவும் நல்லாத்தான் இருக்கு."

நான் பார்த்தது அவ்வளவுதான். பஸ்ஸில் வரும்போதே தனியாகச் சிரித்துக்கொண்டேன். இரண்டு பக்கத்தில் முடிகிற நகைச்சுவைக் கதை என்று நினைத்து எழுத உட்கார்ந்தேன். என் தலையெழுத்து, அது அப்படி முடியவில்லை.

2

தொடக்கம் ஒன்று: "உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள் உண்டு. செருப்புக் கடி படுபவர்கள் ஒரு வகை…" [வேண்டாம். இப்படித் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.]

தொடக்கம் இரண்டு: "லிப்ட் மெக்கானிக்குக் கால் ஆணி இருந்தது." [பரவாயில்லை. ஆள் கிடைத்துவிட்டார்.]

ஆக, அவர் லிப்ட் மெக்கானிக். பாதி ஆயுளை மொட்டை மாடி மோட்டார் அறைகளில் கழித்தவர். எதையும் ஆட்டிப் பார்க்காமல் நம்பமாட்டார். சொந்த வீட்டு நாற்காலியில் உட்காரும்முன்கூட ஓர் உலுக்கு உலுக்குவார். மனைவி துணிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டு துணி விரித்துக் காட்டுகிறவள். யாத்திரை அவளுடைய வேண்டுதல். எதற்கு என்று கேட்டுப் பார்த்தார். வெளியே சொன்னால் பலிக்காது என்று அவர் வாயை அடைத்துவிட்டாள். தனியாக எப்படி விடுவது என்று அவரும் கிளம்பிவிட்டார்.

நடக்க நடக்கக் கால் வீங்கும், பெரிதாகவே எடுங்கள் என்றார் கடைக்காரர். அவள் எடுத்தது ரொம்பவே பெரிது. அவர் எடுத்த அதே ரகம், அதே சாம்பல் நிறம். இரண்டு ஜோடியையும் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று சட்டென்று தெரியாது. என் பெண்டாட்டி தங்கம், எதைக் கொடுத்தாலும் ஒரு குறை சொல்லமாட்டாள் என்று மெக்கானிக் கடைக்காரரிடம் பெருமை வேறு பேசினார்.

3

புது ஷூவோடு யாத்திரை கிளம்புகிறவர் கொப்புளத்தோடுதான் திரும்புவார். அதனால் முன்கூட்டியே போட்டுப் பழக்க வேண்டும். இருவரும் வேலைக்கே அதைப் போட்டுக்கொண்டு போனார்கள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. மறக்கக் கூடாததை ஷூவுக்குள் போட்டுவைப்பார்கள். சாவி, மாத்திரை, கண்ணாடி, எதுவானாலும். காலை விடும்போது இடிக்கும், எடுத்துக்கொள்ளலாம். தலை மறக்கும், கால் மறக்காது என்பார் மெக்கானிக்.

[இந்த வழக்கம் என் வீட்டிலிருந்து நான் இவர்களுக்குக் கொடுத்தது. ஒரு சிரிப்புக்காகத்தான் கொடுத்தேன். சத்தியமாக வேறு எண்ணம் இல்லை.]

ஒரு சாயங்காலம், மறுநாள் பழுது பார்க்க வேண்டிய ஒரு கட்டடத்தின் மோட்டார் அறைச் சாவியை ஷூவுக்குள் போட்டுவைத்தார். காலையில் அவள் முதலில் கிளம்பிப் போய்விட்டாள். பின்னால் அவர் காலை விட்டபோது ஒன்றும் இடிக்கவில்லை. வீட்டையே தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினார். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் லிப்ட் ஓடவில்லை. படியேறிய மாடிக்காரர்கள் எல்லோரும் அவரை வாயில் போட்டு மென்றார்கள்.

இங்கே நான் வைத்திருந்த நகைச்சுவை இதுதான்: தெருமுனை தாண்டும்முன் அவள் ஷூவைக் கழற்றிச் சாவியை எடுப்பாள், போனில் அவரை வாங்கு வாங்கென்று வாங்குவாள். வசனம்கூடத் தயார். "உங்க சாவியைத் தொங்கவிட என் கால்தான்

[கிடக்கட்டும் இப்படியே. முடிக்க முடியவில்லை. நானும் காத்திருந்து பார்த்தேன், அவள் போன் செய்யவேயில்லை.]

4

சாயங்காலம் வந்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, என்ன வீடு இப்படி இறைந்து கிடக்கிறது என்று கேட்டுக்கொண்டே அடுப்படிக்குப் போனாள். அவள் போன வழியில், தரையில், இடது கால் பட்ட இடமெல்லாம் ஒரு சிவப்புப் பொட்டு.

மெக்கானிக் அவளுடைய ஷூவைக் கவிழ்த்தார். சாவி விழுந்தது. பிசுபிசுவென்று ஒட்டியது.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். காலையிலிருந்து இந்த மனுஷி சாவியின்மேல் நின்றே துணி விரித்துக் காட்டியிருக்கிறாள்.

அவளைப் பிடித்து உட்காரவைத்து உள்ளங்காலைத் திருப்பினார். சாவியின் பல் ஒவ்வொன்றும் பதிந்திருந்தது. ஓரிடத்தில் தோல் கிழிந்து உள்சதை தெரிந்தது.

"வலிக்கலையா உனக்கு?"

"எது?" என்றாள்.

அந்த 'எது' நான் யோசித்து எழுதியதல்ல. எழுதியபின் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் சாவியைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், பிறகு அழுதாள். அவளுக்குச் சர்க்கரை இருப்பது அவருக்குத் தெரியும். கால் மரத்துப்போனது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"ரொம்ப நாளா கால் இருக்கிறதே தெரியலைங்க. அது திரும்பணும்னுதான் வேண்டிக்கிட்டேன். இப்போ சொல்லிட்டேன், இனிமே பலிக்காது."

அந்த 'நல்லாத்தான் இருக்கு'வை அவர் பொறுமை என்று நினைத்தார். நான் வெகுளித்தனம் என்று நினைத்தேன். அவள் பொய் சொல்லவில்லை. எந்த ஷூவும் அவளைக் கடிக்கத்தான் இல்லை.

5

டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: இந்தக் காலோடு நடந்தால் ஷூவுக்குள் ஒரு பொடிக்கல் போதும், காலையே எடுக்க வேண்டி வரலாம். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து, புண் ஆறியதும் போகலாம் என்றாள்.

முடிவு அ: அவர் ஷூவை ஒளித்துவைக்கிறார். [வெறுங்காலோடு கிளம்பிவிடுவாள். அவளுக்கு என்ன, வலிக்கவா போகிறது? இந்த முடிவை அடித்துவிட்டேன்.]

முடிவு ஆ: பாதி வழியில் முள் குத்துகிறது, "அம்மா" என்று கத்துகிறாள், உணர்ச்சி வந்துவிட்டது. [எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. இதை நம்பி ஒரு மரத்த கால் நிஜமாகவே கிளம்பிவிட்டால் யார் பதில் சொல்வது? கிழித்துவிட்டேன்.]

முடிவு இ: அவள் போகவில்லை. சன்னலோரம் உட்கார்ந்து தன் காலையே

[இல்லை. இவளை இப்படி உட்காரவைக்க எனக்கு மனசு வரவில்லை.]

எனக்கு எழுதத் தெரிந்தது இதுவரைதான். கிளம்ப வேண்டிய காலை. புண் ஆறிவிட்டது. தெருவில் மற்ற யாத்திரைக்காரர்களின் பேச்சுச் சத்தம் நெருங்குகிறது. மெக்கானிக் கெஞ்சிப் பார்த்துவிட்டார், கத்திப் பார்த்துவிட்டார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, ஷூவுக்குள் விட்ட காலை அவர் முன்னால் நீட்டுகிறாள்.

"எவ்வளவு இறுக்கணும்னு எனக்குத் தெரியாது. நீங்களே பார்த்துக் கட்டுங்க."

அவர் மண்டியிட்டு லேஸின் இரு முனையையும் பிடித்திருக்கிறார். தளர்ந்தால் தோல் உரசிப் புண்ணாகும். இறுகினால் ரத்தம் நிற்கும். கட்டாமல் எழுந்துவிட்டால் அவள் இந்த வீட்டோடு சரி. எப்படிக் கட்டினாலும் அவள் 'ஆ' என்று சொல்லப்போவதில்லை. அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கிறார். நான் குனிந்து ஒரு முனையை வாங்கிக்கொள்கிறேன்.

தயவுசெய்து, நீங்கள் கொஞ்சம் இந்த முனையைப் பிடியுங்கள்.