மேலே மரண வீடு, கீழே அடுப்பு

வாருங்கள் கண்ணுகளா, வாசலிலேயே நிற்காமல் இப்படி என் பக்கத்தில் வந்து நெருங்கி உட்காருங்கள். கோட்டைக் கழற்ற வேண்டாம், ஹீட்டர் இன்னும் சூடாகவில்லை. இன்று உங்களுக்கு ஓர் அடுப்பின் கதை சொல்கிறேன். எரியலாமா எரியக்கூடாதா என்று ஒரு தாயும் மகனும் எதிரெதிரே நின்ற அடுப்பு அது. கொஞ்சம் கனமான கதைதான், ஆனாலும் கேளுங்கள்.

யார்க்‌ஷயரில் எங்கள் ஊர் ரயில் பாலத்துக்குக் கீழே, இறக்கத்தில், 'பீக்காக்' என்று ஓர் உணவகம். பலகையில் இந்திய உணவு என்று எழுதியிருக்கும். நடத்துவது வங்காளதேசத்துச் சில்ஹெட்டிலிருந்து வந்த எங்கள் ஆட்கள். முதலில் அது தேநீர்க் கடை. கப்பலில் கரி தள்ளிய கிழவர் ஒருவர் கரையில் இறங்கிக் கப்பலுக்குத் திரும்பாமல் வைத்த கடை. அதை உணவகம் ஆக்கியவர் அவர் மகன் தொய்முஸ் அலி. இப்போது அவருடைய மகன் ஷெலு நடத்துகிறான். கீழே கடை, மேலே வீடு. நடுவே ஒரு மாடிப்படி, படியின் அடியில் ஒரு கதவு. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் சமையல்கட்டு.

தொய்முஸ் அலியின் மனைவி சுரத்துன் அந்தக் கதவைத் தாண்ட மாட்டாள். கல்யாணமாகி வந்த நாளிலேயே, "கடை ஆம்பளைங்க இடம், நீ மேலேயே இரு" என்று சொல்லிவிட்டார். மத்தியானம் முழுக்க மேலே உட்கார்ந்து சமோசா மடிப்பாள். தட்டைக் கடைசிப் படியில் வைத்துவிட்டுக் கதவைத் தட்டுவாள். உள்ளேயிருந்து ஒரு கை வந்து எடுத்துக்கொள்ளும். ஷெலு சின்னவனாக இருந்தபோது அந்தக் கை அவன் அப்பாவுடையது. பிறகு அவனுடையதே ஆனது.

ஒரு வியாழன் விடியற்காலையில் தொய்முஸ் அலி இறந்துபோனார். மேலே, சமையல்கட்டுக்கு நேர் மேலே இருக்கும் அறையில், தன் கட்டிலில். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை வைத்து, ஊர்க் கல்லறையில் எங்கள் ஆட்களுக்கென்று புதிதாக ஒதுக்கிய மூலையில் அடக்கம் செய்தார்கள். மரணம் நடந்த வீட்டில் மூன்று நாள் அடுப்பு மூட்டக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவர வேண்டும். வியாழனும் வெள்ளியும் பிராட்ஃபோர்டிலிருந்து, கீத்லியிலிருந்து, எங்கெங்கிருந்தோ சட்டி சட்டியாக வந்தது. வைக்க இடமில்லை. அடக்கத்துக்கு வந்த கூட்டம் வெள்ளி இரவே எல்லாவற்றையும் தீர்த்துவிட்டது.

சனிக்கிழமை ஒன்றும் வரவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். எங்கள் ஆட்களில் யாருடைய வீடு உணவகம் இல்லாத வீடு, சொல்லுங்கள்? சனிக்கிழமை என்றால் எல்லா ஆண்களும் அவரவர் அடுப்பின் முன்னால் நிற்கிற நாள். துக்கம் கேட்க வந்த பெண்களோ, இவள் கொண்டுவருவாள் என்று அவளும், அவள் கொண்டுவருவாள் என்று இவளும் நினைத்துக்கொண்டு வெறுங்கையோடு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஹலிமா பாபி, பாபி என்றால் எங்களில் அண்ணி, மெதுவாகச் சொன்னாள்: "நம்ம ஆளுங்க சனிக்கிழமைக்கு முன்னாடி பின்னாடி பாத்துத்தான் சாகணும் போல." யாரோ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். சுரத்துன் சிரிக்கவில்லை. வெள்ளைச் சேலையில் சுவரோரம் உட்கார்ந்து தஸ்பீஹ் மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

நானும் மற்றப் பெண்களும் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் அந்த வாசனை வந்தது.

வெங்காயம். பெரிய அண்டாவில் எண்ணெய் காய்ந்து, கூடை வெங்காயத்தைக் கொட்டினால் வரும் வாசனை. தரைப் பலகையின் இடுக்கு வழியாக, படிக்கட்டு வழியாக, மெல்ல மெல்ல மேலேறி வந்தது. ஓதிக்கொண்டிருந்த ஒருத்தி நிறுத்தினாள். இன்னொருத்தி நிறுத்தினாள்.

"யா அல்லாஹ்," என்றாள் ஹலிமா பாபி. "கபர்ல மண்ணு கூட காயல. கீழ என்ன, கல்யாணமா?"

ஷெலுவின் மகள் தஹ்மினா எழுந்தாள். மான்செஸ்டரில் படிக்கிற பெண். "நான் போய்ச் சொல்றேன் பாட்டி. அப்பா கிட்ட காலைலயே சொன்னேன், வேணாம்னு. கேக்கவே இல்ல."

"நீ உக்காரு," என்றாள் சுரத்துன். மணிமாலையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்து எழுந்தாள்.

"எங்க போறீங்க பாபி?" என்று ஹலிமா பதறினாள். "நீங்க இத்தால இருக்கீங்க. வீட்டை விட்டு வெளிய போகக்கூடாது." இத்தா என்றால் கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்கும் காலம், கண்ணுகளா.

"வெளிய போகல," என்றாள் அவள். படியிறங்கினாள். தஹ்மினா பின்னாலேயே போனாள். நானும் போனேன். அந்தப் படியில் அவள் தடுக்கி விழுந்துவிடுவாளோ என்ற பயம்.

கதவைத் திறந்ததும் ஆவி முகத்தில் அடித்தது. ஷெலு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அண்டாவில் வெங்காயத்தைக் கிளறிக்கொண்டிருந்தான். சமையல்காரர் குதுப் கையைக் கட்டிக்கொண்டு தந்தூர் அடுப்போரம் நின்றார். "நான் பத்த வைக்கல பாபி, சத்தியமா," என்றார் உடனே. "முதலாளியேதான் பத்த வெச்சாரு. நான் கத்தியைக் கூட எடுக்கல."

ஷெலு திரும்பிப் பார்த்தான். அம்மாவை அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் அவன் பார்த்ததேயில்லை. கரண்டி கையிலேயே நின்றுவிட்டது.

"அம்மா, மேல போங்க. இங்க தரையெல்லாம் எண்ணெய்."

"அணை."

"அம்மா, ஏழு மணிக்கு ஊர் பேண்ட் வாத்தியக்காரங்க சாப்பிட வராங்க. நாப்பது பேரு. வருஷா வருஷம் வராங்க. இந்தத் தடவை அப்பாவே போன்ல பேசி, 'வாங்க, நான் இருக்கேன்'னு வாக்குக் குடுத்தாரு. அதுக்கப்புறம் அவரு கீழ இறங்கவே இல்ல. அவரு கடைசியா யாருக்காவது வாக்குக் குடுத்தாருன்னா அது இவங்களுக்குத்தான்."

"உங்க அப்பா இல்லாததை அவங்க புரிஞ்சுக்குவாங்க. அணை ஷெலு."

"தாத்தா செத்தப்ப அப்பா அணைச்சாரா?" ஷெலுவின் குரல் ஏறியது. "ஊர்லருந்து போன் வந்துச்சு. அப்பா இதே இடத்துல நின்னுதான் கேட்டாரு. ரிசீவரை வெச்சிட்டு இன்னும் ஒரு கூடை வெங்காயம் உரிச்சாரு. கண்ணுல தண்ணி வந்துச்சு, வெங்காயம்னு சொன்னாரு. பாட்டி செத்தப்பவும் அப்படித்தான். பெரியப்பா செத்தப்பவும் அப்படித்தான். அப்ப எல்லாம் யாரும் அடுப்பை அணைக்கச் சொல்லலயே!"

உண்மைதான் கண்ணுகளா. அதுவரை எங்கள் ஆட்கள் சில்ஹெட்டில், சொந்த ஊரில்தான் இறந்தார்கள். வயதாகிவிட்டால் அங்கே போய்விடுவார்கள், இல்லையென்றால் அங்கேயே இருந்திருப்பார்கள். இங்கே போன் மட்டும் வரும். துக்கம் அங்கே, அடுப்பு இங்கே. இரண்டும் ஒரே கூரையின் கீழ் வந்தது அன்றுதான் முதல் தடவை. என்ன செய்ய வேண்டும் என்று எங்களில் யாருக்குமே தெரியாது.

"அவங்க அங்க செத்தாங்க," என்றாள் சுரத்துன். "உங்கப்பா இங்க செத்தாரு. மேல, என் கையில."

"மேல வீடு அம்மா. இது கடை. கடைக்குத் துக்கம் ஏது?"

"கடைன்னா நான் இங்க வரக்கூடாதுடா. இத்தால இருக்கிறவ கடைக்குப் போகலாமா? நான் வந்திருக்கேன். ஹலிமா மேல்படியில நின்னு பாத்துட்டுத்தான் இருக்கா. அப்ப இது வீடு. வீடுன்னா அடுப்பை அணை."

குதுப் தலையை ஆட்டினார். ஷெலு கரண்டியை அண்டா விளிம்பில் ஓங்கி வைத்தான்.

"வீடா? வீடுன்னா இத்தனை வருஷம் எங்க இருந்தீங்க? ஒரு நாள் வந்தீங்களா? சமோசாத் தட்டைப் படியில வெச்சுட்டு, டெலிவரிக்காரன் மாதிரி கதவைத் தட்டிட்டுப் போனீங்களே! நான் இந்தக் கதவுக்கு இந்தப் பக்கமாதான் வளந்தேன். பள்ளிக்கூடம் விட்டா இங்க. பரீட்சைன்னாலும் இங்க. கை சுட்டு அழுதப்ப குதுப் சாச்சாதான் ஐஸ் வெச்சாரு. நீங்க மேல இருந்தீங்க. அப்ப இது வீடா தெரியலயா?"

தஹ்மினா, "அப்பா, போதும்," என்றாள். அவன் காதில் விழவில்லை.

சுரத்துன் நேராக அடுப்பின் பக்கம் போனாள். அது பெரிய அடுப்பு. வரிசையாகத் திருகுகள், நெருப்பு முழங்கையளவு சீறிக்கொண்டிருந்தது. எந்தத் திருகு எந்த நெருப்புக்கு என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒன்றைத் திருகினாள், ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததைத் திருகினாள். பக்கத்து அடுப்பில் வாயு சீறத் தொடங்கியது. குதுப் ஓரடி முன்னால் வந்து, என்ன நினைத்தாரோ, நின்றுவிட்டார். அவள் அண்டாவுக்குக் கீழே குனிந்து கையை நீட்டினாள். வெள்ளை முந்தானை நெருப்பின் பக்கம் சரிந்தது.

"அம்மா!"

ஷெலு பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். இன்னொரு கையால் இரண்டு திருகுகளையும் மூடினான். சீறல் நின்றது. அண்டாவில் வெங்காயம் கொஞ்ச நேரம் தானாகச் சடசடத்துவிட்டு அடங்கியது. பாதி பொன்னிறம், பாதி பச்சை. அதை யாரும் தொடவில்லை.

ஏழு மணிக்குப் பேண்ட்காரர்கள் வந்தார்கள். நல்ல மழை. ஏதோ கச்சேரி முடித்து நேராக வந்திருந்தார்கள், சீருடையோடு, கையில் வாத்தியப் பெட்டிகளோடு. ஷெலு வாசலில் நின்று சொன்னான். அவர்கள் தலைவர் பாரி, தொய்முஸ் அலியின் வயதுக்காரர், தொப்பியைக் கழற்றினார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள். மழை தலையில் விழுந்துகொண்டிருந்தது.

"டாமி போயிட்டாரா?" என்றார் பாரி. தொய்முஸை அவர்கள் டாமி என்றுதான் கூப்பிடுவார்கள். "போன்ல நல்லாத்தானேப்பா பேசினாரு."

"வியாழக்கிழமை."

"அவருக்காக ஒண்ணு வாசிக்கட்டுமா? மெதுவா. ரொம்ப மெதுவா."

ஷெலு அண்ணாந்து மேல் ஜன்னலைப் பார்த்தான். திரைக்குப் பின்னால் ஹலிமா பாபியின் நிழல். "வேணாம் பாரி," என்றான். "எங்க வழக்கத்துல மரண வீட்ல வாத்தியம் கிடையாது. அடுப்பும் கிடையாது. மன்னிச்சுக்குங்க."

"அடுப்பும் கிடையாதா? அப்ப நீங்க என்ன சாப்பிடுவீங்க?"

ஷெலு இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டான். கதவைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, இருட்டில் ஒரு மேசையில் உட்கார்ந்துவிட்டான். நாற்பது பேருக்கு அவனே காலையில் விரித்த வெள்ளைத் துணி எல்லா மேசைகளிலும் அப்படியே இருந்தது.

சற்று நேரத்தில் மறுபடி கதவு தட்டப்பட்டது. பாரியும் இன்னும் நாலைந்து பேரும். மழையில் நனைந்தபடி ஆளுக்கொரு அட்டைப்பெட்டி. தெருமுனைக் கடையிலிருந்து மீன் வறுவல், உருளைக்கிழங்கு வறுவல், மசித்த பட்டாணி, வெண்ணெய் தடவிய ரொட்டி. "வீட்ல எத்தனை பேருன்னு தெரியல, குத்துமதிப்பா வாங்கினோம்," என்றார் பாரி. உள்ளே வரவில்லை. பெட்டிகளை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பெண்கள் எல்லாரும் கீழே இறங்கி வந்தோம். குழந்தைகள் பசியோடு பெட்டியைப் பிரித்தார்கள். தஹ்மினா ஒரு மீன் துண்டை மூக்கருகே கொண்டுபோனாள். அவள் முகம் மாறியது.

"பாட்டி, இது மாட்டுக் கொழுப்புல பொரிச்சது. அந்தக் கடையில எல்லாமே அதுலதான்."

"ஹலால் கொழுப்பா?" என்றாள் ஹலிமா பாபி.

"அவங்க கிட்ட ஹலால் எங்க இருந்து வரும் சாச்சி?"

எல்லாரும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பொன்னிறமாக, ஆவி பறக்க, உப்பும் வினிகரும் மணக்க, தொட முடியாத சாப்பாடு. ஷெலு சிரித்தான். நல்ல சிரிப்பு இல்லை. "பாத்தீங்களா அம்மா. நம்ம ஆளுங்க வரல. வந்தவங்க கொண்டுவந்ததைத் திங்க முடியாது. நான் ஆக்கினதையும் திங்க விடல."

சுரத்துன் பெட்டிக்குள் விரலை விட்டு மூடியிட்ட ஒரு கிண்ணத்தை எடுத்தாள். "இது என்ன?"

"பட்டாணி. வெறுமனே வேக வெச்சு மசிச்சது."

"இது?"

"ரொட்டி. வெண்ணெய்."

"இதுல ஒரு தப்பும் இல்லயே. அக்கம்பக்கத்தார் கொண்டு வந்திருக்காங்க. உக்காருங்க எல்லாரும்."

துணி விரித்த மேசைகளைச் சுற்றிப் பெண்களும் குழந்தைகளுமாக உட்கார்ந்தோம். சுரத்துன் அந்த உணவகத்தில் அன்றுதான் முதல் தடவையாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். ரொட்டியில் பட்டாணியைத் தடவி மடித்து ஷெலுவின் முன்னால் வைத்தாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் எடுக்கவில்லை. குழந்தைகள் மளமளவென்று தின்றார்கள். பிறகு அவனும் எடுத்துக் கடித்தான். இரண்டாவது வாய் மெல்லும்போது அவன் தோள் குலுங்கியது. மூன்று நாளாக அழாதவன், வாயில் ரொட்டியோடு அழுதான். பக்கத்தில் வெங்காயம் எதுவும் இல்லை.

"முழுங்கிட்டு அழு," என்றாள் சுரத்துன். அவ்வளவுதான். தலையைத் தடவவில்லை.

மீனெல்லாம் பக்கத்து முடிதிருத்தகத்து டோரீனுக்குப் போனது. இரண்டு வேளைக்கு வந்தது என்றாள்.

அந்த மூன்று நாளும் கழிந்ததும் ஷெலு அடுப்பை மூட்டினான். 'அப்ப இது வீடா தெரியலயா' என்று அன்று அவன் கேட்ட கேள்விக்குச் சுரத்துன் இன்றுவரை பதில் சொல்லவில்லை. அவனும் திரும்பக் கேட்கவில்லை. இத்தா முடியாத பெண் ஆண்கள் நிற்கிற சமையல்கட்டில் போய் நின்றாள் என்று ஹலிமா பாபி கீத்லிவரை சொல்லி வைத்தாள். அதையும் சுரத்துன் மறுக்கவில்லை. பேண்ட்காரர்கள் அடுத்த வருஷம் வந்தார்களா என்று கேட்காதீர்கள், எனக்கு உடம்பு முடியாமல் நான் மகள் வீட்டுக்குப் போய்விட்டேன். தாயும் மகனும் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கிறார்கள். பேசிக்கொள்கிறார்கள், சண்டையும் போடுகிறார்கள் என்று தஹ்மினா சொல்கிறாள். அது போதுமா என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சரி, நேரமாகிவிட்டது, எழுந்து போங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் துக்கம் வந்தாலும் தனியாக வராமல் இருக்கட்டும். கதவைத் தட்டுகிற கை வெறுங்கையாக இல்லாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளுக்கு உங்களிடம் பதில் இருக்கட்டும். உங்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.