அட்டையில் எழுதிய பத்து எண்கள்

எங்கள் கொட்டகையில் பழைய அட்டைப் பெட்டிகளை நசுக்கிக் கட்டாக்கும் அமுக்கு மெஷின் ஒன்று உண்டு. உள்ளே அட்டை சிக்கினால் கரண்டை அணைத்து, சுவிட்சில் அவரவர் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்த பிறகுதான் கையை விட வேண்டும். முன்பெல்லாம் மேஸ்திரி எங்களை மெஷின் பக்கத்தில் நிறுத்தி, செய்து காட்டச் சொல்வார். பிறகு எல்லாம் போனுக்குள் போய்விட்டது. ஏழு நிமிடப் படம், பத்துக் கேள்வி, ஆறு மாதத்துக்கு ஒரு பரீட்சை.

படத்தை ஓடவிட்டு டீ குடிக்கப் போவோம். கேள்விகள் இடம் மாறுவதே இல்லை. விடைகளும் அப்படியே. இதைக் கண்டுபிடித்தது நான்தான். நாற்பத்தொரு வயதில் எழுத்துக் கற்றவன், கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவைக்கும் கிறுக்கு எனக்கு. ஒரு அட்டைத் துண்டில் பெரிதாக எழுதி, சாப்பாட்டு அறைக் கதவுக்குப் பின்னால் ஒட்டினேன்: 2, 3, 1, 1, 3, 2, 2, 1, 3, 2. எல்லாருக்கும் நூறு மார்க். "வாத்தியாரே" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேட்க இனிப்பாகத்தான் இருந்தது.

என் மனைவியின் தம்பி வேலைக்குச் சேர்ந்த அன்று போனைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"மாமா, இவ்வளவையும் படிக்கணுமா?"

"கதவுக்குப் பின்னால பாரு மாப்ளே."

பரீட்சைக்கு நாலே நிமிடம். நூறு. "பள்ளிக்கூடத்துல வாங்கினதெல்லாம் கூட்டினாக்கூட இவ்வளவு வராது மாமா" என்று சிரித்தான்.

பதினோராம் நாள் காலையில் அட்டை சிக்கியது. சிவப்புப் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுக் கையை விட்டான். அவன் பூட்டு மெஷின் பக்கத்துக் கொக்கியில் தொங்கியது. கட்டுகளை ஏற்றிப்போக மறுபக்கம் நின்ற எங்கள் வண்டிக்காரர், மெஷின் சும்மா நிற்கிறதே என்று பச்சையை அழுத்திவிட்டார். வலது கையில் மூன்று விரல் போயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய என் மனைவி கேட்டாள்: "கதவுல ஒட்டினது உங்க கையெழுத்துதானே?" அதற்கப்புறம் ஆறு நாள் பேச்சில்லை.

ஏழாம் நாள் பயிற்சிப் பிரிவு அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார். வாசலிலேயே வண்டிக்காரர் மறித்தார். "வாத்தியாரே, வாயை மூடிட்டுக் கையெழுத்தைப் போடு. அட்டை வெளிய வந்தா எல்லாருக்கும் ஆப்பு."

அந்த அம்மா தாளை நீட்டினார். "உங்க மச்சான் நூறு வாங்கியிருக்கார். தெரிஞ்சே பூட்டாம விட்டிருக்கார்னு ஆபீஸ் சொல்லுது. சாட்சிக் கையெழுத்துப் போடுங்க."

தெரிந்தே செய்தான் என்றால் அவனுக்கு வேலையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை. எழுந்துபோய் அட்டையைப் பிய்த்துக்கொண்டு வந்து மேசையில் வைத்தேன்.

"யார் எழுதினது?"

"நான்தாம்மா."

"விடை கையில இருந்தா, தெரியாதுன்னு ஆயிடுமா? அவருக்குத் தெரிஞ்சும் இருக்கலாமில்ல?"

"நானும் எட்டுத் தடவை நூறு வாங்கினவன். கேள்வியக் கலைச்சுப் போட்டு என்னைக் கேளுங்க."

கேள்விகளைக் கம்ப்யூட்டரில் கலைத்துப் போட்டார். எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்தேன். நாற்பது நிமிடம் ஆயிற்று. பத்துக்கு நாலு.

சரியான நாலில் பூட்டுக் கேள்வியும் ஒன்று. "இது மட்டும் எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டவர், நான் என் வலது கை விரல்களைப் பார்த்ததும் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். பழைய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, வெள்ளைத் தாள் ஒன்றைத் தந்தார்.

"நடந்ததை நீங்களே எழுதுங்க. உங்க வேலைக்கு நான் பொறுப்பில்லை. பரவாயில்லையா?"

எழுதி முடிக்க மதியமாகிவிட்டது. வெளியே வந்தபோது கட்டுக்குக் கம்பி சுற்றும் பெரியவர் சாப்பாட்டு அறைக் கதவைத் தடவிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, அட்டை எங்க? நாளைக்கு எனக்குப் பரீட்சை."

அவரை மெஷின் பக்கம் கூட்டிப்போய், கொக்கியிலிருந்து அவர் பூட்டை எடுத்துக் கையில் வைத்தேன்.