உச்சி வெயிலில் திறந்த ஊற்று

"அம்மா, நத்தைக்கு வேர்க்குமா?"

மகள் சிறுமியாக இருந்தபோது கேட்டாள். மெங் ஷூயிங் அன்று சிரித்துவிட்டாள். இந்தக் கோடையில், நெல்லோடு நத்தை வளர்க்கும் தன் வயலில் கையை விட்டவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் கால் கழுவ வைத்த வெந்நீர் போல இருந்தது. நத்தைகள் நெல் தாளில் ஏறி, ஓட்டு வாயின் மூடியை இறுக்கிக்கொண்டு கிடந்தன. போட்ட தவிடு தின்பாரில்லாமல் புளித்து மிதந்தது.

சூடேறினால் தண்ணீரில் காற்று குறையும். நத்தையின் உடம்போ அதிகக் காற்றுக்கு அலையும். தின்னாமல் மூடிக் கிடக்கிற உடம்பு தன்னையே தின்று தீர்க்கும். இவை முட்டையிடுகிற நத்தைகளும் அல்ல, குஞ்சை வயிற்றில் சுமப்பவை. தாய் நத்தைகள் போனால் அடுத்த ஆண்டுக்கு விதை இல்லை; குத்தகை நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

ஷூயிங் ஊற்றுக் கால்வாயின் மடைக்குப் போனாள். மேல் வயல்காரன் நோங் தெகுவாங் வரப்பில் உட்கார்ந்து சுருட்டு பிடித்துக்கொண்டிருந்தான்.

"என்ன அண்ணி, வயல்லயே நத்தை சூப்பா? அதுல போடப் புளிச்ச மூங்கில் குருத்துதான் பாக்கி."

"வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க. ஊத்துத் தண்ணிய விடப் போறேன்."

"இந்த உச்சி வெயில்லயா? வேணாம் அண்ணி. குளிர்ந்த தண்ணி திடுதிப்புன்னு பட்டா தாங்காது. விடிகாலையில கொஞ்சம் கொஞ்சமா விடுங்க."

"விடிகாலைத் தண்ணி முறை உங்களுது, எனக்கு உச்சிதான். தண்ணிய நீங்க புடிச்சுக்கிட்டு எனக்குப் புத்தி சொல்றீங்களா?"

அவன் சுருட்டை வரப்பில் தேய்த்து அணைத்தான். அவள் மடையைத் திறந்தாள்.

சாயங்காலம் வயலின் ஓரமெல்லாம் குறைக் குஞ்சுகள். ஓடு இறுகாமல், தொட்டால் நசுங்கின. அதிர்ச்சியில் தாய்கள் உதிர்த்தவை. பல தாய்கள் மூடி தொங்கிச் செத்துக் கிடந்தன. ஷூயிங் சேற்றிலேயே உட்கார்ந்தாள். பிறகு வரப்பு முனையில் இருந்த நிலத்தெய்வத்தின் முன் ஊதுபத்தி ஏற்றினாள். ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் விடிகாலை அவள் வயலில் விரல் பருமனுக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. மேல் வயல் வரப்பில் யாரோ மூங்கில் குழாய் செருகியிருந்தார்கள். அது தெகுவாங்கின் தண்ணீர் முறை நேரம். தினமும் விழுந்தது. அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மிச்சமிருந்த தாய்கள் மெல்ல மூடி திறந்து சேற்றில் ஊர்ந்தன. உதவி சத்தம் போடாமல்தான் வரும் போலிருக்கிறது. வாங்கிக்கொண்டவருக்குத்தான் மனம் அடங்குவதில்லை.

தண்ணீரைப் பகிர்ந்ததில் அவன் வயலில் நீர்மட்டம் தாழ்ந்துபோனது. அவன் நத்தைகளும் தாளில் ஏறத் தொடங்கின. அந்த வாரம் பார்த்து மருமகளுக்குப் பிரசவ வலி என்று அவன் பட்டணம் போனான்.

விடியும் முன்பே ஷூயிங் மூங்கில் குழாயைப் பிடுங்கி ஓட்டையை அடைத்தாள். ஊற்றுத் தண்ணீர் முழுவதும் மேல் வயலிலேயே நின்றது. தன் வயலில் மிதந்த ஆகாயத் தாமரையைக் கூடை கூடையாக அள்ளிப்போய் அவன் தண்ணீரின் மேல் நிழலாகப் பரப்பினாள். தாளில் ஒட்டிக் கிடந்தவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றி நிழலில் விட்டாள். தன் வயலுக்கு வீட்டுக் கிணற்றிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள்.

அவன் திரும்பிவரும் நாளன்று காலை, மேல் வயலில் ஒரு தாய் நத்தை கொம்பு நீட்டிப் பாசியை மேய்ந்துகொண்டிருந்தது. ஷூயிங் கூடையைக் கழுவிக்கொண்டு, அவன் கண்ணில் படாமல், ஆள் நடமாட்டமில்லாத பின்பக்க வரப்பு வழியாக வீட்டுக்குப் போனாள்.