மீனுக்கு வைத்த கை

இப்போதெல்லாம் ஜனங்கள் சாப்பிடுவதற்கா கடைக்கு வருகிறார்கள்? தட்டை வைத்ததும் போனை எடுக்கிறார்கள். மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம். அதற்குள் சோறு ஆறிப்போகும். பிறகு சூடாகவே இல்லை என்று என்னிடம் குறை. வாய் ஒரு பக்கம் மெல்லும், விரல் இன்னொரு பக்கம் தேய்க்கும். எழுந்து போகிறவனிடம் என்ன தின்றாய் என்று கேட்டால் முழிப்பான்.

அந்தப் பெண் அப்படி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நான் குறை மட்டும் சொன்னதாக ஆகிவிடக் கூடாது. என் சாப்பாட்டுக் கடைக்கு எதிரே கால்நடை ஆராய்ச்சிக்கூடம் இருக்கிறது. கோடை விடுமுறையில் அங்கே வேலை பார்க்க வந்த வெளியூர்க் கல்லூரிப் பெண் அவள். எனக்குப் படித்தவர்களோடு ஒத்துப்போகாது. அந்தக் கூடத்துக்காரர்களோடு சுத்தமாக ஒத்துப்போகாது. மதில் உயரமாகக் கட்டியிருப்பவன் உள்ளே நல்ல காரியமா செய்துகொண்டிருப்பான்? முதல் நாளே அவள் வந்து, “தாத்தா, இன்னிக்கு என்ன இருக்கு?” என்றாள். என் மகனுக்கே இன்னும் கல்யாணம் ஆகவில்லை. கேட்காமலே என்னைத் தாத்தாவாக்கிவிட்டாள்.

எங்கள் ஏரி மீன் பொடிசு. ருசி உண்டு, முள்ளும் உண்டு. வெளியூர் ஆட்கள் ஒரு வாய் வைத்துவிட்டு, தொண்டையைத் தடவிக்கொண்டே தட்டைத் தள்ளிவிடுவார்கள். இவள் தள்ளவில்லை. விரல் நுனியால் தடவித் தடவி முள் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து உருவுவாள். சதை சோற்றுக்குப் போகும், முள் சீப்பு மாதிரி தட்டோரத்தில் முழுசாகக் கிடக்கும். போன் பையை விட்டு வெளியே வராது. என் வீட்டுக்காரி அடுப்படிக் கதவில் சாய்ந்து அதையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கல்யாணமான நாளிலிருந்து நான் சாப்பிடுவதை அவள் அப்படி நின்று பார்த்ததில்லை.

வாடைதான் தொல்லையாகிவிட்டது. அவள் வந்து உட்கார்ந்தால் புல்லைப் போட்டுப் புளிக்க வைத்த மாதிரி ஒரு நெடி எழும்பும். தினமும் சாப்பிட வரும் கரண்ட்காரன் ஒருநாள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, “என்ன பெருசு, கடைக்குள்ள தொழுவமும் ஆரம்பிச்சாச்சா?” என்றான். நாலு பேர் சிரித்தார்கள். ஒருவர் சாப்பிடாமலே எழுந்து போனார். யாவாரம் செய்கிறவன் நான். அவளிடம் போய், கையை நன்றாகக் கழுவிவிட்டு வரச் சொன்னேன், முடியாவிட்டால் பின்னால் குழாயடி மேசையில் உட்காரச் சொன்னேன். எல்லார் காதிலும் விழுந்திருக்கும். எனக்கு மெதுவாகப் பேசிப் பழக்கமில்லை. அவள் கையை மேசைக்கு அடியில் இறக்கிக்கொண்டு, சரி தாத்தா என்றாள்.

மறுநாளிலிருந்து வாடை அவ்வளவாக இல்லை. சொன்னால் கேட்கிற பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் திடீரென்று அவள் வருவதே நின்றுபோனது. என் வீட்டுக்காரி ரெண்டு நாள் பார்த்தாள். பிறகு தூக்குப் பாத்திரத்தில் சோறும் குழம்பும் மீனும் அடைத்து என் முன்னால் நங்கென்று வைத்தாள்.

“வாய விட்டது நீங்க. நீங்களே கொண்டு போங்க.”

இத்தனை வருஷம் எதிரே கடை வைத்திருக்கிறேன், அந்த வாசலை அன்றைக்குத்தான் மிதித்தேன். காவலாளி பின்பக்கத் தொழுவத்தைக் காட்டினான். உள்ளே செவலைப் பசு ஒன்று கம்பிக்குள் நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் இடது விலாவில் வட்டமாக ஓர் ஓட்டை. ஓட்டைக்கு ரப்பர் மூடி. ஊறுகாய் ஜாடிக்குப் போடுகிற மாதிரி, உயிரோடு இருக்கிற மாட்டுக்கு மூடி. என் கால் அங்கேயே நின்றுவிட்டது.

அந்த மூடியைக் கழற்றிவிட்டு, தோள்வரை உறை மாட்டிய இடது கையை உள்ளே விட்டு அவள் துழாவிக்கொண்டிருந்தாள். பிடி நழுவி நழுவிப் போனது. பக்கத்தில் அவளுடைய மேடம், கையில் பிளாஸ்க்கோடு.

“இடது கையால எடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? நீ பிழிஞ்சு ஊத்துறதுக்குள்ள சூடு போயிடுது. செத்துப்போன சாறை வச்சு நான் எதைச் சோதிக்கிறது? நாளைக்கும் இப்படித்தான்னா நீ ஊருக்குக் கிளம்பு.”

மேடம் பிளாஸ்க்கை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். மாட்டு வயிற்றில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கின்றனவாம். அவைதான் புல்லைச் செரிக்க வைக்கின்றனவாம். வெளியே எடுத்தால் காற்றும் குளிரும் படாமல் சட்டென்று பிளாஸ்க்கில் அடைக்க வேண்டும், அப்போதுதான் எந்தத் தீனி மாட்டுக்கு ஒத்துப்போகும் என்று பார்க்க முடியும். இந்தக் கோடையை ஒழுங்காக முடித்தால் மேடமே மேல்படிப்புக்குச் சேர்த்துக்கொள்வார். கொஞ்ச நாளாக எடுத்ததெல்லாம் வீணாகி, சாப்பாட்டு வேளையிலும் திரும்ப எடுக்க வைத்துவிட்டார்.

வலது கைக்கு என்ன வந்தது என்று கேட்டேன். அவள் பசுவின் முதுகைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“உறை போட்டாலும் வாடை ஏறிடுது தாத்தா. சோப்பு, எலுமிச்சம்பழம், காபித்தூள் எல்லாம் பாத்துட்டேன். அதான் வலது கைய மீனுக்கு வச்சுக்கிட்டேன்.”

பசு என்னைப் பார்த்தது, பிறகு பார்க்கவில்லை.

“வலது கையாலயே எடு. நாளைக்கு வந்து முன் மேசையில உக்காரு.”

“அந்த கரண்ட் அண்ணன்?”

“மூக்கைப் பொத்திக்கிட்டுத் திங்கட்டும். இல்லன்னா அவன் பொண்டாட்டி சமையலைத் திங்கட்டும். அதுக்கு இந்த வாடை எவ்வளவோ தேவலை.”

சிரித்தாள். அப்போதே இடது கை உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வலது கையில் வேறொன்று மாட்டினாள். கை உள்ளே போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. பாதி செரித்த புல்லைக் கொத்தாக எடுத்துத் துணியில் வைத்து ஒரே பிழி, பிளாஸ்க் நிரம்பியது. அதைத் திருகி மூடி, மாட்டின் ஓட்டையிலும் மூடியை அழுத்திவிட்டு ஓடினாள். கொடுத்துவிட்டு வந்து குழாயில் முழங்கைவரை தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தூக்குப் பாத்திரத்தைத் திறந்தவள், கையை மூக்கருகே கொண்டுபோய்விட்டு என்னைப் பார்த்தாள். நான் எதிரே தீவன மூட்டைமேல் உட்கார்ந்திருந்தேன். வாடை வரத்தான் செய்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும், நன்றாகவே வந்தது.

“ஆறிடும், தின்னு” என்றேன்.

மீனைப் பிட்டு முள்ளைத் தேட ஆரம்பித்தாள். பாதிச் சாப்பாட்டில், நானும் ஒருமுறை உள்ளே கை விட்டுப் பார்க்கிறேனா என்று கேட்டாள். இளஞ்சூடாக இருக்குமாம். மாட்டுக்குக் கொஞ்சமும் வலிக்காதாம்.

“அதை மாடு சொல்லட்டும்” என்று எழுந்தேன்.

தொழுவத்து வாசலில் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். அவள் குனிந்து தின்றுகொண்டிருந்தாள். பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது. அது மூச்சு விடுகிறபோதெல்லாம் அந்தக் கறுப்பு மூடி மெல்ல மேலே வந்தது, மெல்ல உள்ளே போனது. வலிக்காதாம். நான் நடந்தேன்.