மணலுக்குக் கீழே ஒரு சுவர்

தம்பியை வெளியே எடுத்தபோது அவன் வாய் நிறைய மண் இருந்தது. குழியின் பக்கச்சுவர் சரிந்த சத்தம் கேட்டதும் ஆட்கள் மண்வெட்டியும் கடப்பாரையுமாக ஓடிவந்து தோண்டினார்கள். அவன் அக்காவும், வீட்டுக்கு மூத்தவள், நகம் பிய்யத் தோண்டினாள். முதலில் தெரிந்தது அவன் முழங்கை. பிறகுதான் முகம்.

அந்த அகழாய்வுக்கு அவள்தான் பொறுப்பாளர். அளவெடுப்பதும் படம் பிடிப்பதும் தம்பியின் வேலை. உயரமாக, காற்றடித்தால் ஒடிந்துவிடுகிறவனைப் போல இருப்பான். ஆட்கள் 'ஒட்டடைக்குச்சி' என்று கூப்பிட்டால் "சொல்லுப்பா" என்று திரும்பிப் பார்ப்பான். அவன் மனைவிக்குக் கொட்டகையில் உடைந்த பானைகளை ஒட்டும் வேலை. "என் வீட்டுல எல்லாருக்கும் மண்ணுதான் சோறு" என்று அம்மா அலுத்துக்கொள்வாள்.

வண்டி அவன் உடலை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான், தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்திருந்த ஆட்களில் ஒருவர் எழுந்து குழிக்குள் கையை நீட்டிக் காட்டினார். அந்த இடத்தில் ஆற்றுமணல் ஒரு ஆள் உயரத்துக்குப் படிந்திருந்தது. அதற்குக் கீழே மனிதர் வாழ்ந்த தடமே கிடையாது என்றுதான் படித்தவர்கள் எல்லாரும் எழுதியிருந்தார்கள். இப்போது மண் சரிந்த இடத்தில், அந்த மணலுக்குக் கீழே, சுடாத செங்கல் வரிசை வரிசையாகத் தெரிந்தது. சுவரில் ஒரு மாடம். மாடத்தில் ஒரு பானை கவிழ்ந்திருந்தது. உலோகம் தெரியாத, எழுத்து தெரியாத, யாருமே கேள்விப்பட்டிராத மனிதர்களின் ஊர். மூத்தவள் அதைப் பார்த்தாள். அன்று அவளுக்கு அது வெறும் மண்ணாகத்தான் பட்டது.

அடுத்த வாரம் தொல்லியல் துறை இயக்குநர் அவளுடைய அறைக்கு வந்து உட்கார்ந்தார். குழிக்கு முட்டுக்கொடுக்கப் பலகை வேண்டும் என்று அவள் பலமுறை கேட்டிருந்தாள். "வரும் வரும், அதுக்காக வேலைய நிறுத்தாதீங்க" என்றவர் அவர்தான். மண் சரிந்த அன்று காலையில் தம்பிக்குப் போன் செய்து, இறங்கி ஒரு படம் எடுத்து அனுப்பச் சொன்னவரும் அவரே. பலகை வரட்டும் என்று அவள் தடுத்தபோது, "மேலிடத்து உத்தரவு அக்கா, ஒரு படம் எடுத்துட்டு ஏறிடறேன்" என்று தம்பி சிரித்துவிட்டுத்தான் இறங்கினான்.

"விசாரணைக் குழு கேக்கும்" என்றார் இயக்குநர். "நான் சொல்லி எறங்கினாருன்னா எல்லார் தலையும் உருளும். குழியையும் மூடிடுவாங்க. அவரா எறங்கினாருன்னா அது விபத்து. வேலை நடக்கும். யோசிச்சுக்கங்க."

அவர் சட்டையைப் பிடித்து உலுக்கத் தோன்றியது. ஆனால் அவள் செய்ததெல்லாம், அவர் எழுந்துபோன பிறகு அந்த நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் வைத்ததுதான்.

தம்பி மனைவியிடம் இதைச் சொன்னால் கொதித்துப் போவாள், அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு மறுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் கொட்டகைக்குப் போனாள். தம்பி மனைவி தன் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"டைரக்டர் சொன்னபடியே சொல்லிடுங்க அண்ணி."

"என்ன பேசறே நீ?"

"கடைசியா அவரு என்னன்னு கத்தினாரு? 'அக்கா, சுவரு'ன்னுதானே? பார்த்துட்டாரு அண்ணி. முதல்ல பார்த்தது அவருதான். அதை மூடச் சொல்றீங்களா?"

சரியப்போகும் பக்கச்சுவரைப் பார்த்துத்தான் அவன் கத்தினான் என்று மூத்தவள் நினைத்திருந்தாள்.

"செத்தவரு மேல பழி போட்டா அவருக்கு வலிக்கவா போகுது?" என்றாள் தம்பி மனைவி. "குழிய மூடினா எனக்கு வலிக்கும்."

விசாரணை அறையில் நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் இருந்தார்கள். யார் சொல்லி இறங்கினார் என்று நடுவில் இருந்தவர் கேட்டார்.

"யாரும் சொல்லல. அவனாத்தான் எறங்கினான்."

நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று எதிர்பார்த்திருந்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது.

பலகைகள் லாரி நிறைய வந்து இறங்கின. கேட்டபோது வராதவை, இப்போது சொல்லாமலேயே வந்தன. குழி அகலமாயிற்று. வீடுகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தபடி, ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய சந்துகளோடு வெளிப்பட்டன. அம்மிகளும் தேய்த்து மழுங்கிய கற்கோடரிகளும் கிடைத்தன. ஒரு வீட்டில், தரை ஈரமாக இருந்தபோது ஓடிய குழந்தையின் காலடி அப்படியே பதிந்திருந்தது. பின்னாலேயே ஒரு நாயின் காலடியும். ஒவ்வொரு வீட்டுத் தரைக்கும் அடியில், முழங்கால்களை மார்போடு மடக்கி, செம்மண் பூசி, தங்கள் இறந்தவர்களைப் படுக்க வைத்திருந்தார்கள். உலகமெங்கும் செய்தி போயிற்று. இயக்குநர் கேமராக்களுக்கு முன் நின்று பேசினார். தம்பி மனைவி மாடத்துப் பானையை விரிசல் தெரியாமல் ஒட்டி முடித்த அன்று, வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

'அனுமதியின்றிக் குழிக்குள் இறங்கி உயிரிழந்த ஊழியர்' என்று ஒரு பத்திரிகை எழுதியதை அம்மா வாசித்துவிட்டாள்.

"முக்குக் கடைக்குப் போனாலும் சொல்லிட்டுப் போற பிள்ளைடீ அவன்" என்றாள். மூத்தவள் பத்திரிகையை மடித்து வைத்தாள். அதன் பிறகு அம்மா அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் மட்டும், "அந்த எடத்தை நான் பார்க்கணும்" என்றாள்.

மரப்படிகளில் கைப்பிடித்து இறக்கினார்கள். கீழே தம்பி மனைவி குப்புறப் படுத்தபடி, ஒரு குழந்தையின் எலும்புக்கூட்டிலிருந்து மெல்லிய தூரிகையால் மண்ணை நீக்கிக்கொண்டிருந்தாள். ஒரு விலா எலும்புக்கும் அடுத்ததற்கும் நடுவே மூச்சை அடக்கி, ஊதி, மறுபடி தூரிகை. அம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எவ்வளவு பதமா எடுக்கறீங்க" என்றாள். பிறகு, "என் பிள்ளைய மண்வெட்டியால எடுத்தீங்க."

குரலில் கோபம் இல்லை. தூரிகை நின்றது. அம்மா மூத்தவள் பக்கம் திரும்பினாள்.

"யாரைக் கேட்டுடீ எறங்கினான்?"

"டைரக்டர் சொன்னாரும்மா. போன் பண்ணி எறங்கச் சொன்னாரு."

"இதை எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? கேட்டவங்ககிட்டப் போய்ச் சொல்லு."

தம்பி மனைவி தலையைத் தூக்கிப் பார்த்தாள். 'வேண்டாம் அண்ணி' என்று அந்தப் பார்வை கெஞ்சியது. மூத்தவள் மறுநாளே விசாரணைக் குழுவிடம் போனாள். நடுவில் இருந்த அதே மனிதர், அன்றைக்கு ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று கேட்டார்.

"அந்த ஊரு வெளிய வரணும்னு நெனச்சேன்" என்றாள். சொல்லிக் கேட்டபோது அது அவளுக்கே அற்பமாகத் தோன்றியது.

இயக்குநர் பதவி இழந்தார். பொய்ச்சாட்சி சொன்னதற்காக அவளுக்கும் வேலை போயிற்று. வழக்கு முடியும்வரை யாரும் குழிக்குள் இறங்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. மழைக்காலம் நெருங்கியதால், தார்ப்பாயை விரித்து மணலால் மூடிவிட முடிவு செய்தார்கள். அந்தக் குழந்தையை மட்டுமாவது எடுத்துவிடுகிறேன் என்று தம்பி மனைவி ஒவ்வொருவரிடமாகப் போய் நின்றாள். யாரும் அசைந்து கொடுக்கவில்லை. பாதி வெளிவந்த எலும்புகளின் மேல் துணியைப் போர்த்தி, முதல் பிடி மணலை அவளே தூவினாள்.

லாரி பின்பக்கமாக வந்து நின்று மணலைக் கொட்டியது. மாடம் மறைந்தது. செங்கல் வரிசைகள் மறைந்தன.

"உங்களுக்கு நிம்மதி கெடச்சுதா அண்ணி?" என்று தம்பி மனைவி கேட்டாள்.

"இல்ல."

"அப்ப அவரும் போனாரு, இதுவும் போச்சு."

அன்று சாயங்காலமே பெட்டியோடு தாய்வீட்டுக்குப் பஸ் ஏறினாள். மூத்தவள் போன் செய்தால் அவள் எடுப்பதில்லை.

அம்மா மட்டும் மறுபடி பேச ஆரம்பித்தாள். சாப்பிட்டியா, கேஸை அணைச்சியா, கதவைப் பூட்டினியா என்கிற அளவுக்கு. வழக்கு இன்னும் நடக்கிறது.