மீதி ஆறு சதவீதம்

மண்புழுவைப் பற்றி நான் எழுதிய பாடத்தை நான் எழுதவில்லையாம். மெஷின் எழுதியதாம். சொல்வதும் இன்னொரு மெஷின்தான். எண்பத்தேழு சதவீதம் என்று சிவப்பில் போட்ட தாளை மேடம் என் மேஜைமேல் வைத்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு வழிகாட்டிப் புத்தகம் போடும் இந்த ஆபீஸில் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நிர்வாகம் கேக்குது. நிரூபிக்க முடியலன்னா வேலையில வச்சுக்க முடியாதும்மா," என்றார் மேடம்.

"எப்படி நிரூபிக்கிறது? மண்புழுவ சாட்சிக்குக் கூட்டிட்டு வரவா?"

"ஃபைலைத் திறந்து ஹிஸ்டரியப் பாத்தாப் போதும். நீங்க அடிச்சது, அழிச்சது எல்லாம் தேதியோட இருக்கும்."

அழித்ததுமா!

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம். காலையில் உட்கார்ந்ததும் எழுத்து ஓடாது. மனசில் உள்ள எரிச்சலையெல்லாம் அதே ஃபைலில் கொட்டி, அழித்துவிட்டுத்தான் பாடத்தை ஆரம்பிப்பேன். மேடத்தைத் திட்டியிருக்கிறேன், நாத்தனாரைத் திட்டியிருக்கிறேன். அதெல்லாம் போகட்டும். போன மாசம் எழுதியதை மட்டும் இவர் பார்க்கக் கூடாது.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். இதே ஆபீஸில் பக்கம் வடிவமைப்பவர். படத்தையும் எழுத்தையும் கட்டத்துக்குள் அடைப்பதால் எல்லோருக்கும் அவர் 'கட்டம்'. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எனக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அதைப் படித்துத்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தேன். போன மாசம், காப்பி அடித்ததையும் கண்டுபிடிக்கும் இந்த மெஷின் ஆபீஸுக்கு வந்த அன்று, மனப்பாடமாக இருந்த அந்தக் கடிதத்தை விளையாட்டாக அதில் அடித்துப் பார்த்தேன். தொண்ணூற்று நாலு சதவீதம் காப்பி. ஏதோ இணையதளத்தில் 'காதல் கடித மாதிரி, எண் மூன்று'. மேற்கொண்டு பார்க்கப் பிடிக்காமல் மூடிவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆபீஸில் கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் அவர் தலையில்தான். மேடம் அவரையே கூப்பிட்டார்.

எழுந்தேன். உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடியும் எழுந்தேன்.

"விடுங்க மேடம், நான் வேலைய விட்டுடறேன்."

"என்ன பேச்சு இது?" இவர் அதட்டினார். "காப்பி அடிச்சவள்னு பேர் வாங்கிட்டா வெளிய போவே? உன் எழுத்து எனக்குத் தெரியாதா? பேசாம உட்காரு."

ஐயோ, இந்த மனுஷன் வாயிலிருந்தா அந்தச் சொல் வரவேண்டும்!

மேடம் பக்கத்தில் உட்கார, இவர் தேதி தேதியாக நகர்த்தினார். நான் அழித்த வரிகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. 'மேடம் உள்ளே வந்தாலே ஆபீஸுக்கே காய்ச்சல் வருது.' மேடம் இருமினார். நாத்தனார் வந்தாள், போனாள். இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நான் முந்தானை நுனியைக் கசக்கிக்கொண்டே நின்றேன்.

அப்புறம் அந்தத் தேதி.

'என் கல்யாணமே காப்பி. தொண்ணூற்று நாலு சதவீதம். எவனோ எவளுக்கோ எழுதியதற்கு நான் தலையாட்டியிருக்கிறேன்.'

இவர் சிரிப்பு அப்படியே நின்றது. மவுஸ் மேலிருந்த கை நகரவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"போதும். எந்த மெஷினும் இப்படிப் புலம்பாது. நான் சொல்லிக்கறேன்," என்று எழுந்து போய்விட்டார்.

வேலை தப்பியது. இவர் என் முகத்தைப் பார்க்காமலே தன் இடத்துக்குப் போனார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. போய்ப் பேசலாமா? என்னவென்று பேசுவது? செய்தது அவர், குற்றவாளி மாதிரி துடிப்பது நான். மண்புழுவையாவது பார்ப்போம் என்று ஃபைலைத் திறந்தேன். தன் இடத்திலிருந்தே அதே ஃபைலைத் திறந்து உள்ளே அவர் எழுதிக்கொண்டிருந்தார். எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

'எனக்கு எழுத வராது. ஆனா கடைசி ரெண்டு வரி என்னோடது.'

உடனே அழித்துவிட்டார். அழித்தாலும் இருக்கும் என்று ஆபீஸிலேயே நன்றாகத் தெரிந்தவர் அவர்தான்.

கடைசி இரண்டு வரி. கடிதத்தை எடுத்துப் பார்க்க வேண்டியதில்லை, எனக்குத்தான் மனப்பாடமாயிற்றே.

'பதில் எழுத வேண்டாம், படிக்க எனக்குப் பயமாக இருக்கும். சம்மதம் என்றால் தலையாட்டினால் போதும்.'

எழுந்து தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அவர் மண்புழுப் படத்தைக் கட்டத்துக்குள் இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டிருந்தார், தலையை நிமிர்த்தாமல். நான் தலையாட்டினேன். பார்க்கவில்லை. ஆபீஸே என்னைப் பார்த்தது. அவர் நிமிரும்வரை ஆட்டிக்கொண்டே நின்றேன்.