பழி தீர்த்த முதுகு

சினிமா எடுக்கும் மோக் முதலாளி என்னைச் சாகச் சொல்லிக் கேட்டு வந்தபோது நான் ஹாங்காங்கின் சான் போ கோங்கில் ஒரு தொழிற்சாலையில் ஜீன்ஸ் பேண்ட்டுகளுக்கு ஜிப் தைத்துக்கொண்டிருந்தேன். மெஷினை நிறுத்தவில்லை. எனக்குக் கால் சும்மா இருக்கக் கூடாது. எதையாவது மிதித்துக்கொண்டே இருந்தால்தான் மனசு ஓரளவு அடங்கும்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு படம் நடித்துக் கொடுத்திருந்தேன். பெயர் ‘அக்கா தீர்த்த பழி’. தம்பியை வில்லன் கொன்றுவிடுவான். அக்கா மூங்கில் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பி, செங்கல் சூளையில் வைத்து அவன் கதையை முடிப்பாள். அவ்வளவுதான். காசைப் பார்த்துப் பார்த்து எடுத்த படம். செத்த அடியாட்களே அடுத்த காட்சியில் சட்டையை மாற்றிக்கொண்டு வந்து மறுபடி சாவார்கள். ஒரு வாரம்கூட ஓடவில்லை. ஓடாவிட்டால் போகட்டும். நான் கதாநாயகியாக நடித்தது அது ஒன்றுதான், அதில் ஜெயித்தது நான்.

தம்பியாக நடித்தவன் கின்ஹோய். படப்பிடிப்பு முழுக்க என் சாப்பாட்டுப் பொட்டலத்தில் இருந்த வறுத்த பன்றிக்கறியைத் திருடித் தின்றவன். இப்போது ஹாங்காங்கில் அவன் முகம் ஒட்டாத சுவர் இல்லை.

“பிக்வான், கின்ஹோய் படம்னா ஜனங்க அடிச்சுக்கிட்டு வர்றாங்க. என்கிட்ட ஒண்ணு பெட்டியில தூங்குது” என்றார் மோக். “ஆனா அதுல பாதியிலேயே செத்துப்போறான். ஸ்டார் சாகலாமாம்மா?”

“அதுக்கு நான் என்ன பண்ணணும்?”

“நீ செத்துடு. அவன் பழி வாங்கட்டும்.”

“கின்ஹோய் வர்றானா?”

“அவன் என் போனையே எடுக்கறதில்ல. முதுகு போதும்மா. தொப்பிய மாட்டி ஒரு டூப்ப நிறுத்திடுவேன். மூஞ்சிக்கு பழைய படத்துலேருந்து நாலு துண்டு வெட்டி ஒட்டிக்கலாம்.”

“முடியாது முதலாளி. போய்ட்டு வாங்க.”

“சரி. உன் சட்டைய வேற எவளுக்காவது மாட்டிக் குப்புறப் படுக்க வச்சுக்கறேன். யாருக்குத் தெரியப் போவுது?”

பிடித்திருந்த துணி கோணிக்கொண்டு போனது. எவளோ ஒருத்தி என் சட்டையில் விழுந்து கிடக்க, அது நான்தான் என்று ஊர் நம்பும். அதைவிட நானே போய்ச் செத்துவிடலாம் என்று தோன்றியது. ஒப்புக்கொண்டேன்.

ஃபான்லிங்கில் அதே சூளை. வில்லனும் அதே பௌ அண்ணன்தான். இப்போது மோங் கோக்கில் மீன் உருண்டை விற்கிறார். பாதியை அவரே சாப்பிடுகிறார் போலிருக்கிறது, பழைய சட்டையின் பொத்தான் ஒன்றுகூட எட்டவில்லை. முதுகுப் பக்கம் கிழித்து ஊக்கு குத்தியிருந்தார்கள்.

முதலில் என் சாவு. எங்கள் படங்களில் குரலெல்லாம் பிறகுதான் சேர்ப்பார்கள். அதனால் கேமரா முன்னால் யார் என்ன பேசினாலும் கவலையில்லை. கண்ணை உருட்டிப் பல்லைக் கடித்துக்கொண்டு பௌ அண்ணன் என் கழுத்தைப் பிடித்தார்.

“இடுப்பு ஊக்கு குத்துது தங்கச்சி. சீக்கிரம் செத்துத் தொலை.”

“குனிஞ்சா இன்னும் குத்தும்ணே. நிமிந்தே கொல்லுங்க.”

விழுந்தேன். செங்கல் தூள் மூக்கில் ஏறியது. கண்ணைத் திறந்தபடியே கிடந்தேன். இதே இடத்தில்தான் அன்றைக்கு நான் நின்றேன், பௌ அண்ணன் விழுந்தார். அழக்கூடாது என்று எவ்வளவோ பார்த்தேன், தண்ணீர் வந்துவிட்டது. கேமராமேன் ஆ-சுன் அருமை என்றான். அவனை அறையலாம் போலிருந்தது.

பிணமாக நடித்தவர்களுக்கு உடனே சிவப்பு உறை கொடுக்க வேண்டும். உள்ளே ஒற்றை நாணயம் இருந்தாலும் போதும், நடித்தவர் கையால் வாங்க வேண்டும். வாங்கினால்தான் சாவு அவரை விட்டுப் போகும். மோக் உறையோடு வந்தார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். வாங்கினால் நான் செத்ததை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

“அப்புறம் வாங்கிக்கறேன்.”

“விளையாடாதம்மா. அபசகுனம்.”

“எனக்குத்தானே? இருக்கட்டும்.”

ஆ-சுன் முகம் வெளுத்துவிட்டது. “அவங்க வாங்காம நான் இந்தச் சுருளப் பெட்டியில போட மாட்டேன் முதலாளி. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு.”

மோக் அவனை அதட்டிவிட்டு டூப்பைக் கூப்பிட்டார். அடுத்தது கடைசிச் சண்டை. தொப்பியும் தம்பியின் நீலச் சட்டையுமாக வந்தவன் நல்ல உயரம். ஆனால் அடி எங்கே, விலகல் எங்கே என்று ஒன்றும் பிடிபடவில்லை. பௌ அண்ணன் விழ வேண்டிய இடத்தில் இவன் விழுந்தான். இவன் உதைக்கும்போது அவர் இருமிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் பிலிம் ஓடி வீணானது. வெயில் சூளைச் சுவரை விட்டு இறங்க ஆரம்பித்தது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன், நடந்தேன், மறுபடி உட்கார்ந்தேன். அவன் தப்புச் செய்யும் ஒவ்வோர் இடத்திலும் என் கால் தானாக உதறியது.

“முதலாளி, தொப்பியக் குடுக்கச் சொல்லுங்க.”

“உனக்கெதுக்கு?”

“அந்தச் சண்டை எனக்குத் தெரியும். முதுகுதானே வேணும்? எனக்கும் முதுகு இருக்கு.”

மோக் வெயிலைப் பார்த்தார். டூப்பைப் பார்த்தார். “சண்டை முடிஞ்சதும் உறைய வாங்கிடணும்.”

“பாக்கலாம்.”

நீலச் சட்டை தோளில் கொஞ்சம் தொளதொளத்தது. தொப்பியை இறக்கிக் கட்டிக்கொண்டு காலையில் செத்துக் கிடந்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றேன். பௌ அண்ணன் என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். பிறகு வில்லன் முகத்தை மாட்டிக்கொண்டார்.

ஏழு வருஷம் எங்கே போனதோ தெரியவில்லை. அவர் கை வரும் முன்பே என் தலை விலகியது. அந்தத் தொப்பையோடு அவர் சுழன்றதைப் பார்த்து லைட்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

“முட்டி போச்சுடி, மெதுவா!” என்றார், எச்சில் தெறிக்க, படு பயங்கரமான முகத்தோடு.

“இன்னும் ரெண்டு உதைதான்ணே. மூச்ச விடாதீங்க.”

கடைசி உதையில் அவர் பறந்துபோய் அடுக்கியிருந்த செங்கல் மேல் விழுந்தார். அந்த நொடியில் தொப்பியைத் தட்டிவிட்டு நான் கேமராவைப் பார்த்துத் திரும்பினேன். பழைய படத்தில் அப்படித்தான் முடியும், பழக்கத்தில் உடம்பு திரும்பிவிட்டது என்று மோக்கிடம் சொன்னேன். பொய். வேண்டுமென்றேதான் திரும்பினேன்.

“பாவி! மறுபடி எடுடா ஆ-சுன்!” என்று கத்தினார் மோக்.

“பிலிம் இல்ல முதலாளி. அவ்வளவுதான்.”

பௌ அண்ணனும் எழுந்திருக்கும் நிலையில் இல்லை. மோக் உறையை என் மூஞ்சிக்கு நேரே ஆட்டினார். “உன் மூஞ்சிய வெட்டி எறியறேன் பாரு.”

“வெட்டிக்குங்க. பௌ அண்ணன் விழறதும் அதே துண்டுலதான் இருக்கு. வில்லன் சாகாமலே படத்த முடிங்க.” உறையை வாங்காமல் பஸ் ஏறிவிட்டேன்.

சொன்னேனே தவிர, அன்றிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. கத்தரிக்கோல் மோக் கையில் இருக்கிறது. தொழிற்சாலையில் ஜிப்பைத் தலைகீழாகத் தைத்துத் திட்டு வாங்கினேன். தூங்கினால் படுக்கையை உதைத்தேன்.

படம் வந்தது. ‘தம்பி தீர்த்த பழி’. சுவரொட்டி முழுக்கக் கின்ஹோய் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். முதல் நாள் மத்தியானக் காட்சிக்கு பௌ அண்ணன் என்னை இழுத்துக்கொண்டு போனார். அரங்கம் நிறைந்திருந்தது. தரையெல்லாம் ஜனங்கள் கொறித்துத் துப்பிய தர்பூசணி விதைத் தோல்.

நான் செத்தேன். முன் வரிசையில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள். கின்ஹோயின் பழைய முகம் இரண்டு முறை வந்து போனது, பிறகு தொப்பி, நீல முதுகு. விசில் பறந்தது.

“உதையப் பாருடா! கின்ஹோய் கின்ஹோய்தான்!” என்றான் பக்கத்துச் சீட்டு ஆள்.

அது நான்டா என்று கத்தத் தோன்றியது. பௌ அண்ணன் என் முட்டியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கால் அவ்வளவு ஆடியது. கடைசி உதை. அவர் பறந்தார். இப்போது மோக் வெட்டியிருப்பார், இதோ வெட்டியிருப்பார் என்று திரையையே பார்த்தேன்.

தொப்பி கழன்று விழுந்தது. திரை முழுக்க என் முகம்.

விசில் நின்றுபோனது. யாராவது சிரிப்பார்கள் என்று காத்திருந்தேன். பக்கத்துச் சீட்டு ஆள் எழுந்து நின்றுவிட்டான்.

“அக்காடா! டேய், அக்கா வந்துட்டா! தம்பி உடம்புல ஏறி அவளே வந்து அடிச்சிருக்கா!”

அதற்குப் பிறகு எழுந்த சத்தத்தில் கடைசி இசைகூடக் கேட்கவில்லை. முன் வரிசைப் பெண் கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. காலைக் குனிந்து பார்த்தேன். அது ஆடவில்லை.

வெளியே வந்ததும் பௌ அண்ணன் சட்டைப் பைக்குள்ளிருந்து கசங்கிய சிவப்பு உறையை எடுத்தார்.

“மோக் குடுத்து விட்டாரு. ஆ-சுன் இன்னும் பயந்துக்கிட்டு இருக்கானாம். இப்பவாவது வாங்கிக்க தங்கச்சி. செத்தவங்க வாங்கணும்.”

“அத ஏன் என்கிட்ட நீட்டறீங்கண்ணே?” என்றேன். “ரெண்டு படத்துலயும் கடைசியா செத்தது நீங்கதான்.”